ஃப்ரிட்ஜ் நல்லாத்தான் இருக்கு

வாங்கண்ணே, உள்ள வாங்க. செருப்பு அங்கனயே கெடக்கட்டும். ஃபோன்ல பேசினது நான்தான், பேரு சிவகாமசுந்தரி. கண்டக்டர் திருமாறனோட அக்கா. இப்ப வீட்டுல நான் மட்டுந்தான். தம்பியும் அவன் பொண்டாட்டியும் புள்ளையைக் கூட்டிக்கிட்டு மதுரை ஆஸ்பத்திரியில இருந்து வந்துக்கிட்டு இருக்காக. நாலு மணிக்கெல்லாம் வந்துருவோம்னு சொன்னாக. இப்ப மணி என்ன, ரெண்டரையா? அப்ப அதுக்குள்ள நீங்க இந்த ஃப்ரிட்ஜைப் பாத்து, நல்லாருக்கு, ஒரு கொறையும் இல்லைன்னு உங்க கடைச் சீட்டுல எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுத் தரணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.

ஐயையோ, பாக்காமலே எழுதுங்கன்னு சொல்வேனா? நல்லாப் பாருங்க. முன்னாடி பாருங்க, பின்னாடி பாருங்க, கவுத்துப் போட்டுக்கூடப் பாருங்க. மடியில கனமிருந்தாத்தானே வழியில பயம்.

இருங்க, மேல இருக்க பூத்துணியை எடுத்துர்றேன். கதவுல மஞ்சள் குங்குமம் வெச்சிருக்கேன், அதை மட்டும் அழிச்சிராதீங்க, நேத்து வெள்ளிக்கிழமை வெச்சது. பாத்தீங்களா, ஒரு துரு இருக்கா? பத்தொம்பது வருசம்ணே. இந்தத் தெருவுல இதுக்கப்பறம் வாங்கின ஃப்ரிட்ஜெல்லாம் காயலாங்கடைக்குப் போயிருச்சு. பக்கத்து வீட்டுல மூணாவது ஓடுது. என்னுது மட்டும் அப்படியே நிக்குது.

என்ன கேக்குறீங்க, கம்ப்ளெய்ன்ட் என்னன்னா? கம்ப்ளெய்ன்ட் ஃப்ரிட்ஜ்ல இல்லண்ணே, இந்த வீட்டு மனுசங்ககிட்ட இருக்கு. சொல்றேன். நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க, நான் பாட்டுக்குச் சொல்றேன்.

என் தம்பிக்கு ஒரே மக. சுடர்மதின்னு பேரு. பதினோரு வயசு. பொறந்ததுல இருந்து என் இடுப்புலதான் வளந்தா. அவ அம்மா ஜெயசுதா மில்லுல வேலை பாக்குறா, காலையில போனா சாயங்காலந்தான் வருவா. குளிப்பாட்டுறது, சோறு ஊட்டுறது, சடை பின்னுறது எல்லாம் நான். இந்தத் தை மாசம் பாத்துக்கோங்க, புள்ளை குடங்குடமாத் தண்ணி குடிக்கிறா. ஒரு மாசத்துல ஆளு பாதியாப் போயிட்டா. தூக்கிட்டு ஓடினா, சர்க்கரைங்குறாக. இம்புட்டுப் புள்ளைக்குச் சர்க்கரையாம்ணே! வாழ்நாள் பூரா காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு ஊசி போடணுமாம். அந்த இன்சுலின் பாட்டிலைக் குளிர்ச்சியா வெச்சிருக்கணும், வீட்டுல ஃப்ரிட்ஜ் இருக்கான்னு டாக்டரம்மா கேட்டாகளாம். இருக்குன்னானாம் என் தம்பி. யாரு ஃப்ரிட்ஜு? என் ஃப்ரிட்ஜு.

ஆமாண்ணே, என்னுதுதான். எனக்குச் சீரா வந்தது. கோவில்பட்டியில கட்டிக் குடுத்தாக. அங்க என் மாமியா இதைப் பூட்டி சாவியை இடுப்புல சொருகிக்கிட்டா. நான் கொண்டு வந்த ஃப்ரிட்ஜுல நான் ஒரு செம்பு தண்ணி எடுக்கணும்னா அவகிட்டக் கேக்கணும். பதினோரு மாசந்தான் வாழ்ந்தேன். அந்த மனுசனுக்கு வேற எடத்துல குடும்பம் இருந்துச்சு. அதை விடுங்க. எங்கப்பா ஒரு வண்டி புடிச்சுக்கிட்டு வந்தாரு. நானும் இந்த ஃப்ரிட்ஜும் ஒரே வண்டியிலதான் வந்து எறங்குனோம். நகை வரலை, பாத்திரம் வரலை. இது மட்டுந்தான் வந்துச்சு. இந்த வீட்டுல எனக்குன்னு இருக்கது இது ஒண்ணுதான்ணே. இதைப் போய் ஓட்டைன்னா எனக்கு எப்படி இருக்கும்?

ரப்பரைப் பாக்குறீங்களா? பாருங்க பாருங்க. பேப்பரை வெச்சு மூடி இழுத்துப் பாக்குறீங்க. வருதா? வராது. வாராவாரம் சோப்புத் தண்ணி தொட்டுத் தொடைப்பேன், ஒரு பிசுக்கு இருக்காது. பின்னாடி அந்தக் கம்பி வலையையும் பாத்துருங்க. எல்லார் வீட்டுலயும் அதுல ஒட்டடை தொங்கும், இங்க தொங்குதான்னு சொல்லுங்க. செவத்துல இருந்து ஒரு சாண் தள்ளித்தான் வெச்சிருக்கேன். சூடா எதையும் உள்ள வெக்க விடமாட்டேன். ஜெயசுதாதான் ஒருநாள் கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரைக் கொண்டாந்து வெச்சா. புடுங்கி வெளிய வெச்சேன். அதுக்கே மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு ரெண்டு நாள் பேசலை.

இப்ப விசயத்துக்கு வர்றேன். தை, மாசி, பங்குனி எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஜெயசுதா ஊசி போடுவா, நான் சோத்தை அளந்து போடுவேன், புள்ளை தேறி வந்தா. சித்திரை பொறந்துச்சு, இந்த ஊரு வெயிலுதான் தெரியுமே, ஃப்ரிட்ஜுல தண்ணி சில்லுன்னு இல்ல, பாலு திரிஞ்சு போச்சு, அது இதுன்னு ஜெயசுதா ஆரம்பிச்சா. பொசுக்கு பொசுக்குன்னு கதவைத் தொறந்தா எப்படிடி சில்லுன்னு இருக்கும்னேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். தம்பிகிட்டப் போயி, மதினி ஃப்ரிட்ஜு பழசாயிருச்சு, தவணையில ஒரு புதுசு எடுப்போம்னு ஓதிருக்கா. பழசாயிருச்சாம்! எனக்குப் புரியாதா, ஃப்ரிட்ஜை மட்டுந்தான் சொல்றாளா, ஆளையும் சேத்துத்தான் சொல்றாளான்னு? அன்னைக்கு நான் சோறு திங்கலை.

அந்த ஸ்டெபிலைசர் ஓடுதாண்ணே? ஓடுதுல்ல. இன்னைக்கு நீங்க வர்றீங்கன்னு மோட்டாருக்கு ரெஸ்டுகூடக் குடுக்கலை, காலையில இருந்து ஓடவிட்டு வெச்சிருக்கேன்.

என்னண்ணே அப்படிப் பாக்குறீங்க? ரெஸ்டுண்ணே, ரெஸ்டு. காலையில பத்து மணிக்குச் சுவிட்சை அணைச்சா மூணு மணிக்குத்தான் போடுவேன். நல்ல உச்சி வெயில்ல மோட்டாரைப் போட்டு வதைக்கக் கூடாதுல்ல? எங்க வீட்டுல நாலு தறி ஓடுச்சு. மதியம் ஆனா எங்கப்பா மோட்டாரை நிப்பாட்டிருவாரு. மிஷினுக்கும் மூச்சு வாங்கும் தாயி, தொடர்ந்து ஓட்டினா காயில் எரிஞ்சு போகும்பாரு. அவரு ஓட்டின மோட்டாரு முப்பது வருசம் ஓடுச்சு. பத்தொம்பது வருசமா நானும், எல்லாரும் வீட்டுல இருக்க ஞாயித்துக்கிழமை தவிர, ஒருநாள் தவறாம ரெஸ்டு குடுக்குறேன். இது எதனால இம்புட்டு வருசம் நிக்குதுன்னு நெனைக்கிறீங்க?

தேவையில்லையா? தானே நின்னு தானே ஓடுமா? என்னமோ நீங்க படிச்சவுக சொல்றீங்க. எங்கப்பாவும் மோட்டாரோட வாழ்ந்தவருதான். சரி, மேல கேளுங்க.

சித்திரை கடைசியில புள்ளைக்குச் சர்க்கரை ஏற ஆரம்பிச்சுச்சு. வெரல்ல குத்திப் பாத்தா முந்நூறு, முந்நூத்தம்பதுங்குது. டாக்டரம்மா மருந்தைக் கூட்டினாக. கூட்டியும் எறங்கலை. இன்னும் கூட்டினாக. வைகாசியில நானூறு. புள்ளை சோந்து சோந்து படுத்துக்குறா. லீவு நாளு, வெளையாட வாடின்னு தெருப்புள்ளைக கூப்புட்டா வேணாங்குறா. அப்பத்தான் ஜெயசுதா என்னையப் பாத்து ஒரு வார்த்தை கேட்டாண்ணே. நான் மறக்க மாட்டேன். இந்தா, இந்த எடத்துல நின்னுக்கிட்டுத்தான் கேட்டா. மதினி, பகல்ல அவளுக்கு இனிப்பு எதுவும் குடுக்குறீங்களான்னு.

குடுக்குறேனாம்! ஒளிச்சு வெச்சுக் குடுக்குறேனாம்! அந்தப் புள்ளைக்குச் சர்க்கரைன்னு தெரிஞ்ச அன்னையில இருந்து இந்த வாயில நான் ஒரு கருப்பட்டித் துண்டு போட்டதில்லண்ணே. காப்பிக்குக்கூட ஜீனி கெடையாது. புள்ளை திங்காததை நான் ஏன் திங்கணும்? கோயில்ல சக்கரைப் பொங்கல் குடுத்தா கையை நீட்ட மாட்டேன். என்னையப் போயிக் கேக்குறா. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாக? எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஏன்டி, நீ காலையில அவதி அவதியா ஊசியைப் போட்டுட்டு, பாட்டிலை அடுப்புமேடையிலயே விட்டுட்டுப் போறவ, நீ என்னையச் சொல்றியான்னேன். ஒருநாள் விட்டுட்டுத்தான் போனா. நான்தான் எடுத்து உள்ள வெச்சேன். ஒருநாள் பாத்தது ஒருநாள், பாக்காதது எத்தனை நாளோ?

அந்தக் கூலிங் குமிழை எதுல வெச்சிருக்கேன்னா? நாலுல. மழை நாள்ல ரெண்டு, வெயில் நாள்ல நாலு. சரிதானே? சரின்னு சொல்லுங்கண்ணே, வாயைத் தொறந்து சொன்னாத்தானே எனக்கு நிம்மதி.

போன ஞாயித்துக்கிழமை. காலையில இருந்து ஒரே வாந்தி. மத்தியானம் மூச்சு வாங்குது, புஸ்ஸு புஸ்ஸுன்னு, ஓடி வந்தவ மாதிரி. சுடரு, சுடருங்குறேன், கண்ணு சொருகுது. வாயில பழம் அழுகுன மாதிரி ஒரு வாடை. தம்பி டூட்டியில இருந்தான். நானும் ஜெயசுதாவும் ஆட்டோவுல அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடினோம். இங்க ஆஸ்பத்திரியில பாத்துட்டு மதுரைக்குக் கொண்டு போயிருங்கன்னுட்டாக. ஆம்புலன்ஸுல என் மடியில தலை, அவ மடியில காலு. வழியில காரியாபட்டி தாண்டுறப்ப ஜெயசுதா என் கையைப் புடிச்சா. நான் உதறிட்டேன்.

உதறிட்டேண்ணே. அம்புட்டுக் கோவம்.

மூணு நாளு உள்ள வெச்சிருந்தாக. கண்ணாடி வழியாத்தான் பாக்க விட்டாக. நாலாவது நாளுதான் கண்ணைத் தொறந்து அத்தைன்னா. அம்மான்னு கூப்புடலை, அத்தைன்னுதான் கூப்புட்டா. இன்னும் அரைநாள் தாமசமாயிருந்தா கையில குடுத்திருக்க மாட்டோம்னு அந்த டாக்டர் சொன்னாரு. சொல்லிட்டு, நீங்க போடுற மருந்தைக் கொண்டாங்கன்னாரு. ஜெயசுதா பையில வெச்சிருந்தா. வாங்கி வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. இந்த மருந்து கெட்டுப் போயிருச்சும்மா, இதைப் போடுறதும் ஒண்ணுதான், தண்ணியைப் போடுறதும் ஒண்ணுதான்னுட்டாரு. இத்தனை நாளும் புள்ளைக்கு மருந்தே போகலைன்னுட்டாரு.

என் தம்பி என்னையப் பாத்தான். அக்கா, ஃப்ரிட்ஜு போயிருச்சுக்கா, மெக்கானிக்கைக் கூப்புட்டுக் காட்டு, ஓட்டைன்னா அன்னைக்கே தூக்கிப் போட்டுருவோம்னான். நல்லாருக்குன்னு சொல்லிட்டா என்னடா செய்வன்னேன். அப்ப வீட்டுல யாரோ தப்புப் பண்ணிருக்காகன்னு அர்த்தம்னான். எனக்கு அது போதும். நான் நேத்தே பஸ் ஏறி வந்துட்டேன். வந்து தொடைச்சுக் கழுவி, உங்களுக்கு ஃபோன் போட்டேன். இன்னைக்குப் புது மருந்தோட வர்றாக. அதை வெக்கிறதுக்கு முன்னாடி இந்த வழக்குத் தீரணும். ஃப்ரிட்ஜு நல்லாருக்குன்னா, பாட்டிலை வெளிய வெளிய போட்டது யாருன்னு தானே தெரிஞ்சு போகும்ல?

என்ன சொல்லுது உங்க மீட்டரு? நாலு டிகிரியா? நாலுன்னா நல்லதா கெட்டதா? நல்லதா! மருந்துக்கு அதுதான் கணக்கா! ஆத்தாடி, இந்த வாயிக்குச் சக்கரை... வேணாம், வேற ஏதாச்சும் போடுறேன், நல்லாருங்கண்ணே, உங்க புள்ளைகுட்டி நல்லாருக்கணும். கேஸு இருக்கா? மோட்டாரு? எல்லாம் சரியா? நான் சொன்னேன்ல! சொன்னேனா இல்லையா? ஃப்ரிட்ஜு நல்லாத்தான் இருக்குன்னு ஊரெல்லாம் கேக்கச் சொன்னேனே! எழுதுங்க, மொதல்ல அதை எழுதுங்க. பேனா இருக்கா?

என்ன, மருந்தை எங்கன வெப்போம்னா? இந்தா, இந்தக் கதவுத் தட்டுல. டப்பாவுக்குள்ள போட்டு வெச்சிருப்போம். எந்நேரமும் இங்கனதான். மோட்டாருக்கு ரெஸ்டு குடுக்கிற நேரந்தவிர.

அந்நேரம் மேல ஐஸ் பெட்டிக்குள்ள வெச்சிருவேன்ணே. நீங்களே யோசிங்க, சித்திரை வெயில்ல அஞ்சு மணி நேரம் ஃப்ரிட்ஜு ஓடாம இருந்தா கதவுத் தட்டு வெதுவெதுன்னு ஆயிரும்ல? மருந்து என்னத்துக்கு ஆகும்? எனக்கு அம்புட்டுத் தெரியாதா? ஐஸ் பெட்டியில பனி கெட்டியா இருக்கும், அது சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அதனால பத்து மணிக்கு மருந்தை மேல ஏத்திட்டுத்தான் சுவிட்சை அணைப்பேன். மூணு மணிக்குச் சுவிட்சைப் போட்டு, பெட்டி நல்லாக் குளுந்து, அஞ்சு மணிக்கு ஜெயசுதா வர்றதுக்கு முன்னாடி எடுத்துக் கீழ வெச்சிருவேன். சித்திரை பொறந்ததுல இருந்து ஜெயசுதா மில்லுக்குப் போன ஒருநாளும் தவறலை. என் கைக்காரியம் சுத்தமா இருக்கும்ணே. சில நாளு பாட்டிலு கல்லு மாதிரி ஆயிரும். அன்னைக்கு மட்டும் ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வெச்சு மெதுவா உருட்டுவேன், இப்படி. ஜெயசுதா ஊசி போடுறதுக்கு முன்னாடி இப்படித்தான் உருட்டுவா, அதைப் பாத்துக் கத்துக்கிட்டேன். கரையிற வரைக்கும் உருட்டுவேன். கை மரத்துப் போகும். அடியில திப்பி திப்பியா நிக்கும், அதுவும் போற வரைக்கும் உருட்டுவேன். ஆஸ்பத்திரி மருந்தா இருந்தாலும் மனசு வெச்சுச் செஞ்சாத்தானே புள்ளைக்குப் புடிக்கும்?

சுடரு லீவுல வீட்டுல இருந்தா, அவளுக்குத் தெரியும். எதுக்கத்தை ஐஸுக்குள்ள வெக்கிறன்னு ஒருநாள் கேட்டா. உங்கம்மாகிட்டச் சொல்லிராதடி, தெரிஞ்சா என் ஃப்ரிட்ஜைத் தூக்கி எறிஞ்சிருவான்னேன். புள்ளை வாயைத் தொறக்கலை. என் புள்ளைண்ணே அவ.

ஏண்ணே, ஏன் பேனாவை மூடிட்டீங்க?

நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? உங்க அம்மாவுக்கும் இதே ஊசியா? அப்ப உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். டாக்டரு என்கிட்ட நேராச் சொல்லலைண்ணே. குளிர்ச்சியா வெக்கணும்னு சொன்னாகன்னு தம்பி சொன்னான். குளிர்ச்சியாத்தானே வெச்சேன்? எல்லாரையும்விட நான்தானே குளிர்ச்சியா வெச்சேன்?

அங்க எதுக்குக் குனியிறீங்க? அந்தப் பேப்பரை எடுக்காதீங்க, ஃப்ரிட்ஜு ஆடும். முன்னங்காலு ஒண்ணு கட்டை. கடகடன்னு ஆடிக்கிட்டே இருந்துச்சு, நான்தான் பேப்பரை மடிச்சு முட்டுக் குடுத்தேன். காலையே திருகி ஒசத்தலாமா? அப்படியா? பத்தொம்பது வருசத்துல எனக்கு யாருமே சொல்லலையே.

அது சும்மா பேப்பரு இல்லண்ணே. குடுங்க இங்க. நல்ல வேளை, உங்ககிட்டக் காட்டணும்னுதான் நெனைச்சேன். இது அந்த மகராசி ஜெயசுதா எழுதி என் ஃப்ரிட்ஜுக் கதவுல ஒட்டி வெச்சது. சித்திரையில ஒருநாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தவ, சுவிட்சு அணைஞ்சிருக்கதைப் பாத்துட்டா. ஒண்ணும் கேக்கலை. மறுநாள் விடிஞ்சு பாக்குறேன், என் ஃப்ரிட்ஜுல எனக்குப் போர்டு தொங்குது! மாமியா பூட்டுப் போட்டா, இவ போர்டு போடுறா. மொத வரியை வாசிச்சதுமே எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சு போச்சு. சர்ருன்னு கிழிச்சு, எட்டா மடிச்சு, காலுக்கடியில சொருகிட்டேன். எங்க, வாசிக்கிறேன் கேளுங்க. எனக்கு வாசிக்கத் தெரியும், பத்து வரைக்கும் படிச்சவதான். என்ன திமிருன்னு நீங்களே சொல்லுங்க.

"பகலில் ஃப்ரிட்ஜ் சுவிட்சை அணைக்க வேண்டாம்." கேட்டீங்களா? வேண்டாமாம். உத்தரவு.

"மருந்தை ஐஸ் பெட்டிக்குள் எக்காரணம் கொண்டும்..."

"...எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாது. உறைந்து போனால் மருந்து செத்துவிடும். அப்புறம் போட்டாலும் பலன் இல்லை என்று நர்ஸ் சொன்னார்கள்."

இது... இதுக்குக் கீழயும் என்னமோ இருக்கு. மடிப்புல எழுத்துத் தேஞ்சிருக்கு. நீங்க வாசிங்கண்ணே. எனக்குக் கண்ணு தெரியலை. வாசிங்க.

மதினி, கோவிச்சுக்காதீங்க, சுடருக்காகன்னா?

அப்படியா போட்டிருக்கு? இன்னொருக்கா வாசிங்க.

தண்ணி வேணாம்ணே. ஒண்ணும் வேணாம். ஒக்காந்துக்குறேன். நீங்க நில்லுங்க, போயிராதீங்க.

கையில வெச்சு உருட்டினேன்ணே. செத்ததையா உருட்டினேன்? ரெண்டு மாசமா? புள்ளை என் பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கிட்டே இருப்பா. அத்தை, கை வலிக்கலையாம்பா. உனக்குத்தானடி கண்ணும்பேன்.

ஆம்புலன்ஸுல அவ கையை உதறினேனே. இனிப்புக் குடுத்தீங்களான்னு அவ கேட்டதுக்கு ஊரைக் கூட்டினேனே.

மணி என்ன? மூணே முக்காலா? வந்துருவாகளே. அண்ணே, இங்க பாருங்க. உங்களை என் கூடப்பொறந்தவரா நெனைச்சுக் கேக்குறேன். அந்தச் சீட்டை மாத்தி எழுதுங்க. இல்ல, கேளுங்க, முழுசாக் கேளுங்க. உள்ள அந்தக் குளிரை அளக்குற சாமான் ஒண்ணு இருக்குல்ல, நீங்க திருகிப் பாத்தீங்களே... தெர்மோஸ்டாட், அதேதான். அது போயிருச்சுன்னு எழுதுங்க. கண்டபடி கூலிங் ஆகி மருந்து ஒறைஞ்சு போச்சு, ஃப்ரிட்ஜு ஓட்டை, வீட்டுல வெக்க லாயக்கில்லைன்னு எழுதுங்க. எழுதி, இப்பவே உங்க வண்டியில ஏத்திட்டுப் போயிருங்க. எனக்கு வேணாம். கண்ணுல காட்டாதீங்க. அவுக புதுசு வாங்கிக்கிடட்டும். நான் இனி அந்தச் சுவிட்சு பக்கமே போக மாட்டேன், மருந்தைத் தொடவே மாட்டேன், எங்கப்பா மேல சத்தியம். புள்ளைக்கு இனிமே ஒண்ணும் ஆகாது. அப்பறம் எதுக்கு நான்தான்னு தெரியணும்? தெரிஞ்சு யாருக்கு என்ன லாபம்? நான் எங்கண்ணே போவேன்? கோவில்பட்டிக்கா போவேன்?

அது வாயில்லாத சாமான்ணே. பழியைத் தாங்கிக்கிடும்.

எழுதுறீங்களா? எழுதுங்க. நல்லா இருப்பீங்க. எழுதுங்க. தெர்மோஸ்டாட் பழுதுன்னு, ஆங். கையெழுத்து. குடுங்க.

ஆட்டோச் சத்தம் கேக்குது. வந்துட்டாக.

வா கண்ணு, வாடி என் தங்கம், மெதுவா. நடந்தா வர்ற, உங்கப்பா தூக்கிட்டு வரக் கூடாது? எப்படி எளைச்சுப் போயிட்ட. கையெல்லாம் ஊசித் தடம். இவரா? இவரு ஃப்ரிட்ஜுக்கார மாமா. ஆமா, பாத்துட்டாரு. திருமாறா, இரு, சொல்றேன், புள்ளை மொதல்ல ஒக்காரட்டும். ஜெயசுதா, அந்தப் பையைக் குடு... இல்ல, வேணாம், நீயே வெச்சுக்கோ. மருந்து உன் கையிலயே இருக்கட்டும்.

என்னடி சுடரு? காதுலயா? சொல்லு.

என்ன சொன்ன?

ஆஸ்பத்திரியில கேட்டாகளா? டாக்டரு கேட்டாரா? யாரு என்ன செஞ்சான்னு? அம்மாவும் கேட்டாளா? நீ... யார்கிட்டயும் சொல்லலையா? ஐஸுக்குள்ள வெச்சதைச் சொல்லவே இல்லையா? ஏன்டி? ஏன்டி கண்ணு, அம்புட்டு முடியாம கெடந்தியே, அப்பக்கூடவா சொல்லலை?

உன் ஃப்ரிட்ஜைத் தூக்கி எறிஞ்சிருவாகன்னா?

அண்ணே. கெளம்பாதீங்கண்ணே. ஒரு நிமிசம் நில்லுங்க. இந்தாங்க உங்க சீட்டு, இதைக் கிழிச்சுப் போடுங்க. வேற சீட்டு எடுங்க. மொதல்ல என்ன எழுத வந்தீங்களோ அதை எழுதுங்க, ஃப்ரிட்ஜு நல்லாத்தான் இருக்குன்னு. என் தம்பி கையிலயே குடுங்க, அவன் வாசிக்கட்டும்.

ஜெயசுதா, அந்தப் பையை மேடையில வெச்சிட்டு இங்க வந்து ஒக்காரு. இந்தப் பேப்பரு ஞாபகம் இருக்கா உனக்கு? கடைசி வரி வரைக்கும் நான் இன்னைக்குத்தான் வாசிச்சேன். ஒக்காரு தாயி. நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.